பெரிய வாய்

முதல்நாள் நான் செய்த பிழை இது:
றிஸ்லியாவின் காதுக்குக் கிட்டப் போய்
"பேரென்ன?" என்று கத்தினேன்.
படவரைதல் வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது,
அவளைத் தவிர.
அவள் என் வாயைப் பார்த்தாள்,
பல்வைத்தியர் பார்ப்பதுபோல.

அன்று பின்னேரமே எனக்குப் பேர் வைத்துவிட்டார்கள்.
பொத்திய கை
வாய்க்கு முன்னால் படீரென விரியும்.
அதுதான் நான்.
பதிவேட்டில் உள்ள யதுஷாயினி
அந்த மேசையில் ஒருநாளும் இருந்ததில்லை.

கோவிக்க ஏலாது.
பசிந்துவுக்கு முன்பல் இரண்டு,
சேருக்குத் தொந்தி,
றிஸ்லியாவுக்குப் புருவத்தை வெட்டிப்போகும் தழும்பு,
ஒரு விரல் போதும்.
"கொழுத்திட்டாய்" என்பதைக்
கன்னம் ஊதிக் காட்டிவிட்டுச்
சோற்றுப் பார்சலைப் பிரிப்பார்கள்.

பசிந்து உகணைக்காரன்.
என் சிங்களம் மிச்சக்காசு கேட்குமட்டும்தான்.
றிஸ்லியா நிந்தவூர்.
அவர்கள் இருவருக்கும் நடுவில்
மொழிபெயர்க்க ஒருவரும் தேவைப்படவில்லை.
வாய்நிறையச் சோறோடு
யாரோ கிரிக்கெட்டில் விழுந்த கதை,
காற்சட்டை கிழிந்த இடம் வரைக்கும்.
நான் மட்டும்
மூன்றாவது சிரிப்பில் சேர்ந்துகொண்டேன்,
ஏனென்று தெரியாமல்.

மறுகா மெல்ல மெல்லப் பிடித்தேன்.
கூப்பிட மேசையைத் தட்டவேண்டும்.
ஜன்னலுக்கு முதுகு காட்டி நின்றால்
முகம் இருண்டுவிடும், பேச்சும்.
கரண்ட் போன பின்னேரங்களில்
நாங்கள் இருட்டிலும் கதைத்துக்கொண்டே இருந்தோம்.
அவள் போன் டோச்சை மேசையில் நிமிர்த்திவைத்து
கைகளை வெளிச்சத்துக்குள் கொண்டுவந்தாள்.
சுவரில் அவளுடைய நிழல்
கொச்சையாக ஏதோ சொன்னது.

தைப்பொங்கலுக்குப் பிந்திய கிழமை
சேர் அவளைப் பார்க்காமல் என்னைப் பார்த்துக் கேட்டார்,
"அந்தப் பிள்ளைக்கு விளங்கினதா?"
"ஓம் சேர்" என்றேன்.
உதவி என்று நினைத்தேன்.

வெளியே வந்ததும்,
என்ன கேட்டார்?
சொன்னேன்.
எனக்கு விளங்கவில்லை, என்றாள்.
அதைச் சொல்ல என்னிடம் கை இருக்கிறது.

காரணம் சொல்லத் தொடங்கினேன்,
ஒரு கையால், இரண்டு கையால்,
கடைசியில் வாயாலும்.
அவள் கண்களை மூடிக்கொண்டாள்.

மூடிய கண்களுக்கு முன்னால்
கையை ஆட்டிக்கொண்டு நின்ற என்னைக்
கன்ரீன்காரன் பார்த்தபடி இருந்தான்.
கத்தியிருக்கலாம்.
அதற்கென்றே பேர் எடுத்தவள்.

மூன்று நாள்.

நாலாம் நாள் அவளே சேரிடம் போனாள்.
தாளை விரித்தாள்,
பிழையான கோட்டில் விரலை வைத்தாள்.
சேர் வாயைத் திறந்தார், மூடினார்,
பென்சிலை எடுத்தார்.
இருபது நிமிடம்.
நான் என் கதிரையில்
சும்மா இருக்கப் பழகினேன். லேசில்லை அது.
திரும்பி வரும்போது என் மேசையைத் தட்டினாள்.
வாய்க்கு முன்னால் பொத்திய கை விரிந்தது,
பாதி அளவுக்கு.

வெள்ளிக்கிழமை, அம்பாறை பஸ் நிலையம்.
அவளுக்குக் கல்முனை, எனக்கு அக்கரைப்பற்று.
போயிட்டு வாறேன் சொல்ல அவர்களுக்கு
அரைமணித்தியாலம் வேண்டும்,
அதற்குப் பிறகும் முடியாது.
இரண்டு பஸ், இரண்டு கண்ணாடி,
நடுவில் ஹோர்ன், கச்சான் விற்பவன், கொண்டக்டர்.
எங்கள் கதை அதையெல்லாம் தாண்டிப் போய் வந்தது.
என் பக்கத்துச் சீற்றில் ஒருவர்
"ஹலோ, கேக்குதா, ஹலோ" என்று
போனோடு மல்லுக்கட்டினார்.

என் பஸ் திரும்புகையில்
கடைசியாக ஒன்று சொன்னாள்:
பொத்திய கைமேல் பொத்திய கை,
மேலது எழுந்தது.

இறக்காமக் குளம் தாண்டும்வரை
அதை மடியில் செய்து செய்து பார்த்தேன்.
வளர்? எழும்பு? நம்பு?
திருக்கோவிலில் இறங்கும்போது
ஏதோ பெரிய வார்த்தை என்று முடிவாகிவிட்டது.
மழை கொட்டியது. தொப்பலாக நனைந்தேன்.

திங்கட்கிழமை
என் மேசையில்
காயவைத்து மடித்தபடி
என் குடை.